பால்மரம் நின்ற இடத்தில் புத்ராஜெயா

கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது புத்ராஜெயா. அகன்ற சாலைகள், அழகிய பாலங்கள், பிரதமர் அலுவலகத்தின் பச்சைக் குவிமாடம், இளஞ்சிவப்புப் பள்ளிவாசல், நடுவே பரந்த ஏரி. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம். போகும்போது அவர்களிடம் இன்னொரு செய்தியும் சொல்லுங்கள்: இது முன்பு ஒரு ரப்பர் தோட்டம்.

அதன் பெயர் பிராங் பெசார். மலாய் மொழியில் ‘பெரும் போர்’ என்று பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் அமைத்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர். ‘பி.பி.’ என்ற எழுத்துகளைத் தாங்கிப் புகழ்பெற்ற ஒட்டுரகப் பால்மரங்கள் பிறந்த இடமும் இதுவே. விடியுமுன் எழுந்து அம்மரங்களில் பால் வெட்டியவர்களில் நம்மவர் பலர்.

1995-இல் நகர வேலை தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் இங்கு வந்தது. 2001-இல் கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

ஏரி மனிதர் வெட்டியது. சுவாவ் ஆறு மேற்புறத்திலிருந்து உரத்தையும் சேற்றையும் அடித்து வரும். அதை வடிகட்டவே சுமார் 200 ஹெக்டரில் நாணல் நட்ட சதுப்பு நிலத்தை உண்டாக்கினார்கள். மேட்டில் நடப்பது பள்ளத்தைத் தாக்கும் என்பதைத் திட்டமிட்டோர் நன்கு அறிந்திருந்தனர்.

நீருக்குக் கிடைத்த அக்கறை மனிதருக்குக் கிடைத்ததா? அங்கு வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் வட்டாரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. தரையோடு சொந்த வீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை 20 ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது.

காரணம் என்ன? 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று வகைப்படுத்துகிறது. வகை மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில். விவசாய நிலம் கட்டட நிலமானால் விலை பன்மடங்கு ஏறும். அந்த ஏற்றத்தில் பட்டா வைத்திருப்பவருக்குப் பங்குண்டு, அரசுக்கும் கட்டணமுண்டு. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவரிடம் பட்டா ஏது? வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடுகிறது.

பட்டணம் வளரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகை மாற்ற அனுமதியோடு நிபந்தனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குடியிருப்போருக்கு மனை, பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலம் என்று அப்போதே எழுதிவிட்டால், பிறகு மனு எழுதி அலைய வேண்டியதில்லை. ஏறிய விலையில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. முயன்றால் நமக்கும் மண் சொந்தமாகும் என்பதற்கு அதுவே சாட்சி.

தோட்டத்து அன்பர்களே, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உங்கள் வட்டார உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபமும் எழுதிக் கொடுக்கலாம். அறிவிப்பு வந்ததும் நாலு பேராகப் போய், வரைபடத்தில் உங்கள் தோட்டத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.