‘ஹார்ட்’ வேறு, ‘ஹார்ட்லி’ வேறு

மாணவர்களே! தமிழில் ‘ஆக’ வருமிடத்தில் ஆங்கிலத்தில் ‘லி’ சேர்த்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மெதுவாக என்பதற்கு ‘ஸ்லோலி’ சரிதான். கடினமாக என்பதற்கு ‘ஹார்ட்லி’ சரியா?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டிக்கு அருகில்தான் உள்ளது. அத்தகைய மலைச்சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் தாயைப் பற்றி, ‘மை மதர் ஹார்ட்லி வேர்க்ஸ்’ என்று பிள்ளை எழுதினால், அம்மா வேலை செய்வதே அரிது என்றாகிவிடும். எவ்வளவு அநியாயம்!

‘மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்’ என்றே எழுதுங்கள். தமிழில் வினையடை வினைக்கு முன் வரும். ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ வினைக்குப் பின் வரும். ‘பாஸ்ட்’ என்பதும் ‘லி’ ஏற்காது: ‘த பஸ் கோஸ் பாஸ்ட்’. கடுகண்ணாவை ஏற்றத்தில் மட்டும் ‘ஸ்லோலி’தான்!