ஞானப்பல் வழக்கில் நான்காம் நாள்

பல்லைப் பிடுங்கியது தவறு என்று நாங்கள் ஒரு வரியிலும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்தான் பதிலுரை முழுக்க அதையே நிரூபித்துக்கொண்டிருந்தார்: எக்ஸ்ரே எடுத்திருக்கிறோம், மரத்துப்போகும் ஊசியை முறைப்படி போட்டிருக்கிறோம், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, தையல் சரியாக இருக்கிறது. அத்தனையும் உண்மை. என் கட்சிக்காரருக்கு அந்த நாளைப் பற்றிக் குறை ஏதும் இல்லை. அவர் கேட்டதெல்லாம் நான்காம் நாளைப் பற்றித்தான். சட்டம் எளிதில் பார்க்கக்கூடிய இடத்தில் பிழை இல்லை. பிழை இருந்த இடத்தில் பார்ப்பதற்குக் காகிதம் இல்லை. இந்த வழக்கை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

காவேரிப்பட்டினத்தை ஒட்டிய கிராமத்துக்காரர் அவர். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கீழ்த்தாடையில் ஞானப்பல் சாய்ந்து முளைத்து, முன்னிருந்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. உடன் வேலை பார்த்தவர் சொன்ன பெங்களூரு கிளினிக்கில் பணம் கட்டி எடுத்துக்கொண்டார். ஓசூரில் வேலை செய்பவர்களுக்கு அத்திப்பள்ளியைத் தாண்டுவது பெரிய விஷயமே அல்ல. மாநில எல்லை ஒன்றைக் கடக்கிறோம், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த எல்லை குறுக்கே நிற்கும் என்று பல்வலியோடு போகிறவர் யோசிக்கவா முடியும்?

நான்காம் நாள் அவர் மறுபடி அதே கிளினிக்குக்குப் போனார். எச்சில் விழுங்கினால் தொண்டை குத்துகிறது, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, இரவில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் இல்லை. வரவேற்பில் இருந்தவர் இன்னொரு அட்டை வலி மாத்திரை கொடுத்து, ஞானப்பல் என்றால் ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். அவர் வந்து போனதற்கு எந்தப் பதிவும் இல்லை. அடுத்த இரண்டு நாள் தொலைபேசியில் கேட்டபோதும் அதே பதில். அதற்கடுத்த நாள் கழுத்து வீங்கி, குரல் மாறி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தார். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். உயிர் பிழைத்தார்.

எங்கள் வாதம் முழுவதும் ஒரு மருத்துவ உண்மையை நம்பியிருந்தது. பல் எடுத்தபின் வலியும் வீக்கமும் இயல்பு. வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு வடியத் தொடங்க வேண்டும். மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் வலி திரும்பக் கடுமையானால், குழியில் உறைந்திருந்த இரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிவதாக இருக்கலாம். வேதனை அதிகம், ஆனால் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கும். வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, காய்ச்சல், குரல் மாற்றம் ஆகியவை சேர்ந்து வந்தாலோ, தொற்று தாடையைத் தாண்டித் தொண்டைப் பக்கத்து இடைவெளிகளுக்கு இறங்குகிறது என்று பொருள். நாக்கின் அடிப்பகுதி வீங்கி மூச்சுக்குழலையே அடைத்துவிடும் அந்த நிலையை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836லேயே விவரித்துவிட்டார். இயல்பான வலி எது, ஆபத்தான வலி எது என்பதை வாய்க்குள் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். தொலைபேசியில் அதைச் செய்ய முடியாது. வரவேற்பு மேசையில் இருப்பவரால் எப்படியும் முடியாது. நான்காம் நாள் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எங்கள் பிராது.

இதைச் சொல்ல ஒரு பல் மருத்துவர் சாட்சிக்கு வர வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. மருத்துவ வழக்கில் நிபுணர் கருத்து முதலில் வேண்டும் என்று 2009இல் மார்ட்டின் டிசூசா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொருவர் கூண்டில் ஏறுவது எவ்வளவு அரிது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குக் கைகொடுத்தது 2010இல் வந்த கிஷன் ராவ் தீர்ப்பு. ஐதராபாத்தில் மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுக்கப்பட்டு மனைவியை இழந்தவரின் வழக்கு அது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை, குறை வெளிப்படையாகத் தெரிந்தால் அதுவே போதும் என்று சொல்லி, மாவட்ட நுகர்வோர் மன்றம் கொடுத்த 2 லட்சம் ரூபாயை உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. அந்தத் தீர்ப்பையும், தருமபுரி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும் வைத்துத்தான் நான் நின்றேன். தொற்று எந்தப் பல்லின் குழியிலிருந்து புறப்பட்டது என்று எந்தக் கட்சியையும் சேராத ஓர் அரசு மருத்துவர் அதில் எழுதியிருந்தார். தொலைபேசிப் பட்டியலையும் வாங்கித் தாக்கல் செய்தோம். அழைப்பு போயிருக்கிறது என்பதை அது காட்டியது. என்ன பேசினார்கள் என்பதைக் காட்டவில்லை.

வழக்கின் வலு இப்படி இருக்க, அதைத் தளர்த்தியது வேறொன்று. அப்போது இருந்தது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்தில், அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தில்தான் பிராது கொடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊர் கணக்கில் வராது. சொந்த மாவட்டமான கிருஷ்ணகிரியில் மாவட்ட மன்றம் இருந்தும், அவர் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. நோட்டீஸ் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றது அதே சட்டம். நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு நூறு கிலோமீட்டர் பயணம், ஒரு ஷிப்ட் கூலி.

கடைசியில் எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களின் கூலியும், செலவும், மேலே கொஞ்சமும் தருவார்கள். தவறு நடந்ததாக எங்கும் எழுத மாட்டார்கள். வழக்கு நிற்கும், பொறுத்தால் உத்தரவு கிடைக்கும் என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “வக்கீலய்யா, இந்த மாசம் மூணு லீவு போட்டுட்டேன். இன்னொண்ணு போட்டா கான்ட்ராக்ட்ல என் பேரு இருக்காது.” அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. கையெழுத்தானது. திரும்பி வந்த நோயாளியைப் பார்க்காமல் அனுப்பியது சேவைக் குறைபாடா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் பதிலே எழுதப்படவில்லை.

அவரை அலைக்கழித்த விதி இன்று இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தது. முறையீட்டாளர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று அது சொல்கிறது. காணொலி மூலம் விசாரிக்கவும் வழி வைத்திருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. அதே மனிதர் இன்று கிருஷ்ணகிரியிலேயே வழக்காடலாம். நல்ல மாற்றம். ஆனால் நான்காம் நாள் பதிவின்றிப் போனதற்கு இந்தச் சட்டத்திலும் மருந்தில்லை. எழுதப்படாததை எந்த ஊர் நுகர்வோர் ஆணையமும் படிக்க முடியாது.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் 10 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்னும் தொற்று மூளைவரை பரவியது; 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா அது. திறந்த சலைன் பாட்டிலைப் பஞ்சால் மூடி வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தியதே காரணம் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய விசாரணையின் முடிவு 2025இல் வெளியானது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல் என்று ஆளுக்கொரு விதமாக மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் ‘இதற்கு முன் எங்கே போனீர்கள்’ என்று கேட்டு எழுதியதால்தான் எல்லோரையும் இணைத்த இடம் தெரிந்தது. தனித்தனியாக இருந்த குடும்பங்களால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. பல் எடுத்து மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினால், தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள், நேரில் போங்கள். உங்கள் தொந்தரவையும் தேதியையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால், நள்ளிரவானாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்; வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல் மருத்துவர்கள் சிகிச்சை ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு நன்னடத்தை விதி. நகலை எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் வழக்குக்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு.