தேய்மானம் அல்ல, எலும்பு!

"வயசாயிடுச்சு, வால்வு தேஞ்சு போச்சு." இதய வால்வு சுருங்கிப்போன பெரியவர்களைப் பற்றி வீடுகளில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. அதில் மூன்று இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அது திறந்து மூட வேண்டும். 70 வயதுக்குள் 250 கோடி தடவைக்கு மேல்! இவ்வளவு உழைத்தால் தேயாதா என்ன?

டாக்டர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பழைய குழாயில் உப்பு படிவதுபோல வால்வில் கால்சியம் தானாகப் படிகிறது என்பதுதான் விளக்கம்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அசைத்துப் பார்த்தது. அறுவை சிகிச்சையில் அகற்றிய 300-க்கும் மேற்பட்ட வால்வுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கால்சியம் இருந்தது. ஆனால் 30-க்கும் மேற்பட்ட வால்வுகளில் இருந்தது வெறும் சுண்ணாம்பு அல்ல. முறையாக வளர்ந்த, அசல் எலும்பு!

இதயத்துக்குள் எலும்பைக் கட்டியது யார்? வால்வில் குடியிருக்கும் செல்கள்தான். இதழ்களைப் பழுதுபார்ப்பது அவற்றின் வேலை. ஏதோ ஒரு கட்டத்தில் அவை தங்கள் வேலையை மறந்து, எலும்பு கட்டும் செல்களைப் போல நடக்க ஆரம்பித்துவிடுகின்றன.

ஏன் மறக்கின்றன? இதற்கு ஒரு துப்பு 2005-ல் கிடைத்தது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் விது கர்க், தீபக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். ஐந்து தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் வால்வு நோய். காரணம் நாட்ச்1 என்ற ஒரே ஒரு மரபணுவில் இருந்த பிழை. எலும்பு உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் ரன்எக்ஸ்2 என்ற மரபணுவை வால்வில் அடக்கி வைப்பது இந்த நாட்ச்1-தான். கடிவாளம் தளர்ந்தால் குதிரை ஓடிவிடும், அவ்வளவுதான்.

இந்த மரபணுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருவில் வால்வு சரியாக உருவாகவும் அது வேண்டும். அங்கே பிசகினால் மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டோடு பிள்ளை பிறக்கலாம். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இரண்டு இதழ் வால்வு இருக்கிறது. அவர்களில் நாட்ச்1 பிழை உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான்; மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். ஆனால் பொதுவாக இவர்களுடைய வால்வு, மற்றவர்களுக்கு ஆவதைவிடப் பல வருடங்கள் முன்பாகவே இறுகிவிடுகிறது.

அப்படியானால் வயதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. நாட்ச்1 பாதி குறைந்த எலிகளுக்கு மனிதர்களைப்போல நோய் வரவில்லை. குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் எலிகளுக்கு மிக நீளம். செல்லுக்கு வயதாக ஆக அது குட்டையாகும். 2017-ல் அதைக் குட்டையாக்கிய எலிகளில் சோதித்தார்கள். நோய் வந்துவிட்டது! மரபணுப் பிழையும் செல்லின் முதுமையும் கை கோத்தால்தான் ஆபத்து.

எல்லா வால்வு நோய்க்கும் மரபணுவைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தியாவில் ஏராளமானவர்களின் வால்வைக் கெடுத்தது சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சலும்தான். அது வேறு கதை.

இறுகிப்போகும் வால்வுக்கு மாத்திரை உண்டா? கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை வைத்துச் சோதித்தார்கள். 2005, 2008, 2010 ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய சோதனைகளிலும் நோயின் வேகம் குறையவில்லை. இன்று வரை இதைத் தடுக்க அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. முற்றினால் வால்வை மாற்றுவதுதான் வழி.

மருந்து இல்லை என்றால் இதையெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. இரண்டு இதழ் வால்வு உள்ள ஒருவரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதே குறை இருக்கலாம். பல வருடங்கள் எந்த அறிகுறியும் காட்டாது. வலிக்காத ஒரு எக்கோ பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரின் கண்காணிப்பில் இருந்து, இதயம் பலவீனமாவதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

"வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டால் நோயாளியோடு பேச்சு முடிந்துவிடும். "நம்ம குடும்பத்துல வேற யாருக்காவது இருக்குமா?" என்று கேட்டால் ஒருவேளை ஓர் உயிர் பிழைக்கும்.