பம்ப்பை ஒளித்து வைக்கும் சிஸ்டர்

மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சீக்கிரமே ஒரு வேலை வந்து சேரும். "அந்தப் பழைய லோன் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதுசா ஒண்ணு பண்ணிக் கொடுங்க" என்பார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்பதால் உங்கள் தலையில்தான் விழும். மறுக்காதீர்கள். ஒரு மருத்துவமனையை உள்ளும் புறமும் அறிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இந்தத் துறையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

சிரிஞ்ச் பம்ப், இன்ஃப்யூஷன் பம்ப், பைபாப், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், ஏர் பெட் போன்றவை பல மருத்துவமனைகளில் எந்த வார்டுக்கும் சொந்தமாக இருப்பதில்லை. பொது இருப்பில் இருக்கும். கேட்கிற வார்டுக்குக் கடனாகப் போகும், சில நோயாளிகளின் வீட்டுக்கும் போகும், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும். எது யாரிடம் இருக்கிறது என்று சொல்வதற்காக யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிவைத்த டேட்டாபேஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபாக்ஸ்ப்ரோவை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. கடைசிப் பதிப்பு 2004-இல் வந்தது. 2015-இல் ஆதரவும் நின்றுபோனது. மாற்றியே தீர வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் நிர்வாகத்தில் காரணம் கேட்டால், "மெஷின் காணாமல் போகுது, பார்கோடு ஒட்டினா சரியாகிடும்" என்பார்கள். அங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். காணாமல் போனதாகச் சொல்லப்படும் பம்ப்புகளில் பெரும்பாலானவை கட்டடத்தைத் தாண்டியிருக்காது. ஏதோ ஒரு வார்டில், துவைத்து மடித்த பெட்ஷீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும்.

ஏன் அங்கே போனது என்று பாருங்கள். இரவு இரண்டு மணி. ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது. நார்அட்ரினலின் ஏற்ற வேண்டும். அந்த மருந்து சொட்டு கூடினாலும் ஆபத்து, இடையில் நின்றாலும் ஆபத்து. சிரிஞ்ச் பம்ப் இல்லாமல் முடியாது. சிஸ்டர் ஸ்டோருக்குப் போன் அடிக்கிறார், எடுக்க ஆளில்லை. சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி வேறு கட்டடத்தில். ஒருவழியாகக் கிடைத்த பம்ப்பில் பேட்டரி செத்திருக்கிறது. அந்த இரவைக் கடந்த சிஸ்டர் அடுத்த முறை ஒரு பம்ப்பைத் திருப்பி அனுப்புவாரா? அலமாரியில் வைத்துப் பூட்டத்தான் செய்வார். அவர் திருடவில்லை. அடுத்த நோயாளிக்காகச் சேர்த்து வைக்கிறார். இதைத் தடுக்க சர்க்குலர் விட்டால் ஒளித்து வைக்கும் இடம்தான் மாறும்.

ஆகவே புது டேட்டாபேஸுக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன், இரவில் பம்ப் எடுத்துக் கொடுக்க ஓர் ஆளைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏறிய பம்ப்புகள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அலமாரிகள் தாமாகத் திறக்கும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடன் கணக்கு என்பது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் நம்புவதைப் பொறுத்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த சாஃப்ட்வேரும் பொய்யைத்தான் காட்டும்.

திருப்பித் தருவதிலும் இதே கதைதான். கிளாம்ப் உடைந்திருக்கும், பவர் கார்டு போயிருக்கும். திருப்பினால் வார்டின் மேல் பழி வரும் என்று பயந்து மூலையில் போட்டு வைப்பார்கள். "பழுதுடன் வந்தது" என்று ஒரே தட்டலில் பதியும்படி செய்யுங்கள். யார் உடைத்தது என்ற கேள்வி அந்தத் திரையில் வேண்டாம். உடைந்ததை மறைக்காமல் கொண்டுவந்து கொடுப்பவரைக் கௌரவமாக நடத்துங்கள். இது மருத்துவமனைக்கு மட்டுமல்ல, நாளை உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யும்போதும் உதவும்.

வடிவமைப்பில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்த பழைய டேட்டாபேஸ்களில் ஒரு மெஷினுக்கு ஒரு வரி, அதில் 'இடம்' என்று ஒரே கட்டம். புது இடத்தைப் போட்டால் பழையது அழிந்துவிடும். வரவு செலவு வரிகளே இல்லாமல் கடைசி இருப்பு மட்டும் போட்ட பாஸ்புக் அது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பைபாப், சிபாப், சில வென்டிலேட்டர்களைத் திரும்ப அழைத்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து, துகள்கள் மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பது காரணம். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் மெஷின் இன்று எங்கே என்பதோடு முடியாது, இதுவரை யார் யாருக்கு வைத்தோம் என்பதும் தெரிய வேண்டும். தொற்று பரவினாலும் அதே கேள்விதான் எழும். எனவே மெஷினுக்கு ஒரு அட்டவணை, அது போய்வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வரி. போன வரியை யாரும் திருத்தி எழுத முடியாதபடி செய்யுங்கள்.

அடுத்தது 'ரிமார்க்ஸ்' கட்டம். தலைகால் புரியாத சுருக்கெழுத்தும் பிழையுமாக இருக்கும். "இது எதுக்கு சார், ட்ராப் பண்ணிடலாம்" என்று கை துடிக்கும். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வீட்டுக்குக் கான்சென்ட்ரேட்டர் கொடுத்தனுப்பிய ஒரு பதிவில் ஸ்டோர் கிளார்க் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன்: "பேஷன்ட் தவறிட்டாங்க. போன் பண்ண வேண்டாம். காரியம் முடிஞ்சு நேர்ல போகணும்." அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, கெடு தாண்டிய எல்லாருக்கும் தானாக எஸ்எம்எஸ் போகும்படி நீங்கள் அமைத்தால், துக்க வீட்டில் "உடனே திருப்பி ஒப்படைக்கவும்" என்று போன் ஒலிக்கும். அந்தக் குடும்பம் அதை மறக்காது. மறக்கவும் தேவையில்லை. இறப்புப் பதிவையும் லோன் கணக்கையும் இணைத்த பிறகுதான் நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸைத் திறந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மனிதர்தான் போக வேண்டும்.

தரவை இடம் மாற்றும்போது எக்செல் வழியாகப் போகிறீர்களா? சீரியல் நம்பரின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை அது விழுங்கிவிடும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறலாம். அந்தக் கட்டங்களை எழுத்தாக வைத்துக் கொண்டுபோங்கள். ஃபாக்ஸ்ப்ரோவில் நீக்கிய பதிவு உடனே அழியாது. ஒரு நட்சத்திரக் குறியோடு கோப்பிலேயே கிடக்கும், 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் போகும். கழித்துக் கட்டியதாகச் சொல்லும் மெஷின்களின் கதை பலமுறை அங்கே கிடைக்கும். பேக் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பழைய கணக்கின் இருப்பை அப்படியே புதியதில் ஏற்றாதீர்கள். வார்டு வார்டாக நடந்து, மெஷினைத் தொட்டு, சீரியல் நம்பரைப் பார்த்து எழுதுங்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள், திடீர்ச் சோதனை போலப் போய் நிற்காதீர்கள். வார்டு பாயையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மெஷின் எந்த மூலையில் இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக டெபாசிட். வீட்டுக்கு மெஷின் கொடுக்கும்போது வாங்கிய பணம் அது. மெஷின் திரும்பியிருக்கும், பணம் திரும்பியிருக்காது. பல குடும்பங்களுக்கு அதைக் கேட்கலாம் என்பதே தெரியாது. பழைய டேட்டாபேஸில் திரும்பியதாக இருந்து, டெபாசிட் கட்டம் காலியாகாத பதிவுகளைத் தனியே எடுங்கள். அக்கவுண்ட்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ரசீதோடு சரிபார்த்து, கொடுக்க வேண்டியவர்களை அழைத்துக் கொடுங்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகு பழைய கம்ப்யூட்டரை அணைத்தால் போதும்.