ஒழுகும் கூரையும் ஒரகடத்து மேஸ்திரியும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரகடம் இருக்கிறது. ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலத்துக்குத் தெற்கேயிருந்து யாத்திரை செல்வோர் இதைக் கடந்து போவதுண்டு. ஒரு தலைமுறைக்கு முன் இவ்வழியே போனவர்களின் கண்ணில் பட்டவை ஏரிகளும், நெல் வயல்களும், பனைமரங்களும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை.

இன்று அந்தச் சாலையில் போகிறவர் முதலில் பார்ப்பது தொழிற்சாலை மதில்களைத்தான். ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாகத் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. டெய்ம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை 2012-இல் வந்தது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் 2013 முதல் இங்கே உருவாகின்றன. வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே மத்திய சர்க்கார் அமைத்த ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உண்டு. பொதுவாக மோட்டார்த் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது வண்டியை வெளியே அனுப்புவதற்கு முன் ஓர் அறையில் நிறுத்தி, நாலாபுறமும் குழாய்களிலிருந்து செயற்கை மழை பொழியச் செய்து, உள்ளே ஒரு சொட்டாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். வருண பகவானுக்கு முன்னால் மனிதன் வைக்கும் பரீட்சை அது.

புது வண்டிக்குச் சரி. வயதான வண்டிக்கு யார் பரீட்சை வைப்பது? அந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் மதிலுக்கு வெளியே இருக்கிறார்கள். லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரத்தில், ஓலையும் தகரமும் கலந்து வேய்ந்த ஒரு கொட்டகையில், படுதா தைக்கும் மேஸ்திரி ஒருவரைச் சென்ற புரட்டாசிக் கடைசியில் நாம் சந்தித்தோம். அங்கே நம்மை அழைத்துச் சென்றவர் ஒரு நண்பர். அவரிடம் காடு மேடெல்லாம் ஏறக்கூடிய பழைய வண்டி ஒன்று இருக்கிறது. அதன் கூரை துணியால் ஆனது. ஏரிக்கு அப்பாலுள்ள கிராமத்தில் அவருடைய வயதான தாயார் இருக்கிறார். மழைக்காலத்தில் அந்த மண் பாதையில் வேறு வண்டி எதுவும் போகாது. முந்தின வருஷம் அடைமழையில் தாயாரை வைத்தியரிடம் அழைத்து வந்தபோது, அந்த அம்மாள் வண்டிக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாராம்! கூரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது என்று நண்பர் ஏறக்குறையத் தீர்மானித்திருந்தார்.

துணிக்கூரைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தார்கள். பாரம் குறைய வேண்டும், வேண்டும்போது மடக்கிவிட வேண்டும் என்பதற்காக அவற்றுக்குத் துணிக்கூரையே போட்டார்கள். 1940-களின் இறுதியில் பம்பாயில் அவ்வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் தொழில் தொடங்கிற்று. வண்டியோடு அதன் கூரையும் நம் நாட்டு மழையில் நனைய ஆரம்பித்தது. மாலுமிகள் முரட்டுத் துணிக்குத் தார் பூசி மழையைத் தடுத்த பழக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் ‘தார்ப்பாய்’ என்று தமிழாக்கிக்கொண்டார்கள். தாரும் நமக்குத் தெரியும், பாயும் நமக்குத் தெரியும், பிறகென்ன?

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எங்கே ஒழுகுகிறது?” என்று கேட்டார்.

நண்பர் டிரைவர் ஆசனத்துக்கு மேலே கையைக் காட்டினார்.

“அங்கே சொட்டுகிறது, ஐயா. ஒழுகுவது எங்கே என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்” என்றார் மேஸ்திரி.

பிறகு அவர் செய்த சோதனை, எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் குறைந்ததல்ல. கூரை நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கையில் டார்ச்சு விளக்கும் சுண்ணாம்புக் கட்டியுமாக ஒரு பையனை வண்டிக்குள் உட்கார வைத்தார். தாம் வெளியே நின்று ரப்பர்க் குழாயால் ஜலம் விட்டார். முதலில் கதவோரம், பிறகு முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு, பிறகு பக்கத் தையல், கடைசியில்தான் உச்சி. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம் பொறுத்தார். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஊற்றினால் ஜலம் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

“மேஸ்திரி, வந்துவிட்டது!” என்று பையன் கத்தினான். பின்புறத்துத் தையலில் புகுந்த ஜலம் வளைவுக் கம்பியைப் பற்றிக்கொண்டு பக்கச் சட்டத்துக்கு இறங்கி, அதன் வழியே முன்புறம் ஓடி, டிரைவரின் தலைக்கு மேல் வந்து சொட்டியது. ஓட்டை ஓரிடம், சொட்டு வேறிடம்!

“துணி நன்றாக இருக்கிறது, ஐயா. நூல்தான் செத்துவிட்டது” என்றார் மேஸ்திரி. நண்பருடைய முகத்தில் அப்போதுதான் களை வந்தது.

நூல் ஏன் சாக வேண்டும்? நாலு மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர்த் தையலில் 250 ஊசித் துவாரங்கள் இருக்கும். இரட்டைத் தையலானால் 500. பழைய பருத்திப் படுதாவில் இது பெரிய தொல்லை அல்ல. ஈரம் பட்டதும் பருத்தி இழை பருத்துத் துவாரத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். இக்காலத்து ரெக்ஸினும் செயற்கை இழையும் அப்படிப் பருப்பதில்லை. வெயிலில் நூல் நைந்தால் அத்தனை துவாரமும் வாயைத் திறந்துகொள்ளும்.

சிகிச்சை முறையையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். கூரையை மென்மையான சோப்பு நீரால் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் துணி ஜலத்தை ஈர்க்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரெக்ஸினின் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். நைந்த நூலைப் பிரித்துப் பாலியெஸ்டர் நூலால் மறுபடி தைக்க வேண்டும். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டால் அதன் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூரான மூலை முதலில் பெயரும். துணி எலும்பாகக் காய்ந்த பிறகு, தையலின் வெளிப்புறத்தில் பசையைத் தூரிகையால் இரண்டு முறை தடவ வேண்டும். முன்கண்ணாடிக்கு மேலுள்ள ரப்பர் பீடிங் கல்லாக இறுகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஜிப்பின் பற்களில் மெழுகு தேய்க்கலாம். தளர்ந்த வார்களை இழுத்துக் கட்டுவது மிக முக்கியம். ஒரு சதுர மீட்டர்ப் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் ஜலம் நின்றாலும் 10 கிலோ கனம். கனத்தால் பள்ளம் பெரிதாகும், பள்ளத்தால் கனம் பெருகும்.

“உள்பக்கமும் பூசிவிட்டால் இன்னும் நல்லதுதானே?” என்று நண்பர் கேட்டார்.

மேஸ்திரி சிரித்தார். “ஏரிக்கரையை எந்தப் பக்கம் கெட்டிப்படுத்துவார்கள், ஐயா? ஜலம் நிற்கிற பக்கம்தானே? மறுபக்கம் பூசினால் ஜலம் கரைக்குள்ளேயே தங்கிக் கரை இளகிப்போகும். துணியும் அப்படித்தான்.”

அதோடு அவர் நிற்கவில்லை. வண்டியின் தரையில் விரித்திருந்த பாயைத் தூக்கி, சேற்றால் அடைபட்டிருந்த வடிகால் துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்தார். எவ்வளவு தைத்தாலும் காற்றோடு அடிக்கும் மழையில் நாலு சொட்டு உள்ளே வரும். வந்தது வெளியே போக வழி வேண்டும். ஏரிக்குக் கலங்கல் வைத்தவர்களின் வம்சத்தில் வந்தவரல்லவா!

அந்தப் பேச்சு நம் மனத்தில் வேறொரு கவலையைக் கிளப்பிற்று. இந்தப் பிரதேசத்தின் ஏரிகள் தனித்தனியே இருப்பவையல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு ஜலம் போகும்படி நம் முன்னோர் தொடுத்து வைத்திருக்கிறார்கள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைச் சென்னைவாசிகள் இன்னும் மறக்கவில்லை. ஆற்றோரத்துக் குடும்பங்கள் வெள்ளத்தைக் கண்டது தங்கள் வீட்டு வாசலில். அந்த ஜலம் புறப்பட்டதோ மேற்கே, பல காத தூரத்திலுள்ள ஏரிகளிலும் கால்வாய்களிலும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுகுகிற இடம் அகப்படாது.

தொழில் வளர வேண்டும். நம் நாட்டு இளைஞர்களுக்கு இந்தத் தொழிற்சாலைகள் வேலை கொடுக்கின்றன. அதில் நமக்குப் பெருமையே. ஆயினும் மதில் எழுப்புகிறவர்கள் ஒவ்வொருவரும் தம் மனைக்குள் வரும் ஜலம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியே போக வேண்டும் என்பதை அறிந்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். வரத்துக் கால்வாயைத் தூர்த்துவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் பூச்சுப் பூசுவது, துணியின் உள்பக்கம் பூசுவதற்குச் சமானம்.

நண்பருடைய கூரை வேலை இரண்டு நாளில் முடிந்தது. அதற்கான கூலி, புதுக் கூரையின் விலையில் சிறு பங்குதான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில் இழுக்கும். துணிக்கூரை வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் புரட்டாசி வெயில் இருக்கும்போதே அதைக் கழுவி உலர்த்தி, தையலைப் பார்த்துவிடுவது நலம். பக்கத்து ஊரில் படுதா தைக்கும் மேஸ்திரி யாரேனும் இருந்தால், பழையதை எறிவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் திறந்திருக்கிறதா என்றும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.