மூணு ஓபி சீட்டு

வயித்து வலி பத்தி ஒரு த்ரெட். இதுல என் தப்பும் இருக்கு.

ராத்திரி டூட்டி. 26 வயசுப் பொண்ணு, வயித்தைப் பிடிச்சுக் குனிஞ்சபடியே அம்மாவோட வந்தாங்க. அண்டி ஆபீஸ்ல வேலை. (முந்திரி ஃபேக்டரியை எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல இப்படித்தான் சொல்வோம்.) "டாக்டரே, போன தடவை போட்ட ஊசியவே போட்டு விடுங்க. காலைல வேலைக்குப் போணும்."

பழைய சீட்டு இருக்கான்னு கேட்டேன். அம்மா பிளாஸ்டிக் கவர்ல இருந்து மூணு ஓபி சீட்டை எடுத்து நீட்டினாங்க. ஒண்ணுல அல்சர். இன்னொண்ணுல சிறுநீர்த் தொற்று. மூணாவதுல வெறும் 'கேஸ்'. அந்தக் கையெழுத்து என்னோடது.

தேதிகளைப் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 27, 28 நாள்.

"பீரியட்ஸ் சமயத்துலதான் வருதாம்மா?"

"ஆமா டாக்டரே. அப்போ வெளிக்குப் போனாலும் குத்தும்."

சீட்டு எழுதின மூணு பேர்ல ஒருத்தரும் இதைக் கேக்கல. அவங்களும் சொல்லல. "பொம்பளைக்கு உள்ளதுதானே, கல்யாணம் ஆனா சரியாயிரும்னு மயினி சொன்னா"ன்னாங்க அம்மா.

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையோட உள்சவ்வு மாதிரியான திசு, வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை பக்கம் வளர்றது. மாசாமாசம் அங்கயும் அழற்சி வரும், நாளாவட்டத்துல உறுப்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனாலதான் அல்சர், சிறுநீர்த் தொற்றுன்னு வேஷம் போடுது. சிலருக்கு மாதவிடாய் இல்லாத நாள்லயும் வலிக்கும், தாம்பத்தியத்துல வலிக்கும், குழந்தை தங்குறது தாமதமாகும். இது புற்றுநோய் இல்ல. அபூர்வமும் இல்ல: குழந்தை பெறும் வயசுப் பெண்கள்ல சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடி பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இவங்களுக்கு ஸ்கேன் நார்மல். முன்னாடியா இருந்தா அதோட அனுப்பிருப்பேன். சாக்லேட் சிஸ்ட் இருந்தா ஸ்கேன்ல தெரியும். மேலாப்புல படர்ந்த சின்னச் சின்ன திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. மகப்பேறு டாக்டர் முழுக் கதையையும் கேட்டுட்டு ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சாங்க. அம்மாவுக்கு ஒரே பயம், "பிள்ளை உண்டாவாம போயிருமா?" இல்லம்மா. நிறுத்தினா பீரியட்ஸ் திரும்ப வந்துரும். முழுசாத் தீர்க்கிற மருந்துன்னு இன்னும் ஒண்ணு இல்ல, அதையும் மறைக்காம சொன்னோம்.

பீரியட்ஸ் வலியால ஸ்கூலுக்கோ வேலைக்கோ போக முடியலன்னா அது 'உள்ளதுதான்' கிடையாது. வலி வர்ற நாளை காலண்டர்ல வட்டம் போடுங்க. அதை டாக்டர் மேஜைல வைங்க. எங்களுக்கு அவசரத்துல கேக்க மறந்துபோகும்.

மூணு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு வந்தாங்க. "வலி கொஞ்சம் உண்டு டாக்டரே. ஆனா இந்த மாசம் ஒரு நாள் சம்பளமும் போகல."