எண் இல்லாத விமானம்

கதை எழுதுகிறவனைப் பற்றி ஜனங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவனுக்கென்ன, பேனாவை எடுத்துவிட்டால் ராஜா. நினைத்தவனைப் பணக்காரன் ஆக்கலாம், பிடிக்காதவனை ரயிலிலிருந்து தள்ளிக் கொல்லலாம், கேட்பார் இல்லை என்று நினைக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு ஐந்தொகை இடிக்கும். தச்சனுக்கு மரத்தின் கணு இடிக்கும். கதைக்காரனுக்கு இடிப்பது ஒன்றுமில்லை என்பது அவர்கள் எண்ணம். இதை மறுத்துப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது அப்படிச் சொன்னால் நான் வாதம் செய்வதில்லை. ஓர் ஆகாய விமானத்தைக் காட்டுகிறேன்.

ஆகாய விமானம் என்றால் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 26 சென்டிமீட்டர். பிளாஸ்டிக்கில் ஆனது. பெட்டியில் வந்தபோது அது ஏர்பஸ் ஏ-320. டில்லிக்கும் மும்பைக்கும் நாம் ஏறிப் போகிற அதே ஜாதி. அசலில் 144-ல் ஒரு பங்கு, அதாவது 12 அடிக்கு ஓர் அங்குலம். பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்து, பசை போட்டு ஒட்டி, வர்ணம் பூசினால் பெட்டியின் மேல் படத்தில் இருப்பது போலவே வந்துவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. எந்த நாட்டு விமானப் படையிலும் இல்லாத ஒரு ராணுவச் சரக்கு விமானமாக அதை மாற்றினேன். இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்தது என்று எண்ண வேண்டாம். 'இப்படி ஒன்று இருந்திருந்தால்' என்று ஆரம்பித்து விமானம் செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இங்கிலீஷில் அதற்கு 'வாட்-இஃப்' என்றே பெயர்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்று உண்டு. ஜன்னல்களைப் பட்டி வைத்து அடைத்து, பச்சையும் சாம்பலுமாக வர்ணம் பூசிவிட்டால் பட்டாளத்து விமானம் ஆகிவிடாதா என்பது. ஆகாது. பட்டாளத்து வேஷம் போட்ட பிரயாணி விமானம்தான் ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் வர்ணத்தில் இல்லை, இறக்கையில் இருக்கிறது.

பிரயாணி விமானத்தின் இறக்கை உடலுக்கு அடியில் இருக்கும். எஞ்சின் அதற்கும் கீழே தொங்கும். அதனால் உடல் உயரத்தில் நிற்கிறது. ஏ-320-இன் வாசற்படி தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம். படி வைத்து மனிதர்கள் ஏறிவிடலாம். லாரி ஏறுமா? பீரங்கி ஏறுமா? தவிர, விமான நிலையத்துத் தளம் துடைத்து விட்டாற்போல் இருக்கும். மலைமேல் அவசரத்துக்குச் சமன் செய்த மண் தளத்தில், தாழ்ந்து தொங்கும் எஞ்சின் கல்லையும் புழுதியையும் உறிஞ்சிக் கெட்டுப்போகும். ஆகையால் இறக்கை உடலின் உச்சிக்குப் போக வேண்டும். உடல் தரையோடு தாழ வேண்டும். வால் பக்கம் அடிப்பாகம் திறந்து சாய்தளமாக இறங்க வேண்டும். 1954-இல் முதன்முதலில் பறந்த அமெரிக்க 'ஹெர்குலிஸ்' விமானத்தில் இந்த மூன்றும் ஒன்றாக அமைந்தன. பின்னால் வந்த பெரிய ராணுவச் சரக்கு விமானங்கள் அநேகமாக எல்லாம் அதே முறைதான்.

ஆக்சா பிளேடின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினேன். அடியில் இருந்த இறக்கைப் பள்ளத்தைப் பிளாஸ்டிக் தகடு வைத்து மூடினேன். முதுகில் புதுப் பள்ளம் வெட்டினேன். இறக்கை மேலே போனதும் அடுத்த கேள்வி வந்தது. பிரயாணி விமானத்தின் இறக்கைகள் நுனி சற்றே மேல்நோக்கி ஏறியிருக்கும். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து கொள்ள அது உதவும். பின்னோக்கிச் சரிந்த இறக்கையை உச்சியில் வைத்தால் அந்த நிமிரும் குணம் தானாகவே வந்துவிடுகிறது, அதிகமாகவே வந்துவிடுகிறது. அதை அடக்க நுனிகளைக் கொஞ்சம் கீழ்நோக்கி இறக்க வேண்டும். இறக்கினேன்.

அதற்குள் சக்கரங்கள் குறுக்கே நின்றன. இறக்கையின் அடியில் மாட்டியிருந்த சக்கரங்கள், இறக்கை மேலே போனதும் அந்தரத்தில் தொங்கின. அவற்றின் கால்களைக் குட்டையாக்கி உடலின் இரு பக்கமும் புடைப்பு வைத்து அதற்குள் அடக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தளம் தடையின்றிக் கிடக்கும். குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கரண்டிகள் இரண்டை நெடுக்காக அறுத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புடைப்பு அச்சாக அமைந்தது. வால் சிறகைத் தூக்கி உச்சியில் வைத்தேன், சாய்தளத்தின் வழியே சாமான் ஏற்ற இடம் வேண்டும் என்பதற்காக. வால் கனத்தில் விமானம் குந்திவிடாமல் இருக்க, மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு நான்கு போனது.

எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. பிரேஸில் தேசத்து எம்ப்ரேயர் கம்பெனியின் கே.சி.-390 என்ற ராணுவச் சரக்கு விமானம் 2015-இல் முதன்முதலாகப் பறந்தது. அதில் இருப்பது வி-2500 எஞ்சின். ஏ-320 விமானங்களில் ஏராளமானவற்றில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஆகவே என் பொய்க்கு ஒரு சாட்சி இருந்தது. இன்னொரு சாட்சி நம் வீட்டிலேயே உண்டு. சுமார் 20 டன் தூக்கக்கூடிய இரட்டை ஜெட் சரக்கு விமானம் ஒன்றைச் சேர்ந்து செய்வதாக இந்தியாவும் ரஷ்யாவும் 2007-இல் ஒப்பந்தம் செய்து கொண்டன. படம் போட்டார்கள், பேச்சு நடந்தது. பத்து வருஷம் ஆனபோது அந்தக் கூட்டு முயற்சியே இல்லை. அது பறந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது என் கைவேலை. பிறக்காமற் போன ஒரு பிள்ளைக்கு ஜாடை பார்த்துப் பொம்மை செய்த மாதிரி.

இப்போது முதலில் சொன்ன அபிப்பிராயத்துக்கு வருகிறேன். அறுத்த இடம், ஒட்டிய இடம் ஒவ்வொன்றிலும் 'ஏன்?' என்று ஒரு கேள்வி வந்து நின்றது. பதில் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போக முடியவில்லை. நாவலிலும் இதே கதைதான். ஒரு தபால்காரன் கடிதம் கொண்டுவந்து கொடுத்தான் என்று ஒரு வரி எழுதுவதற்குள், யார் எழுதினார்கள், எந்த ஊரில் போட்டார்கள், வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் தீர்மானம் ஆக வேண்டும். வாசகனுக்குச் சொல்ல வேண்டாம். எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிஜத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம் விமானப் படையில் 'பாக்கெட்' என்ற சி-119 விமானங்கள் இருந்தன. இரண்டு பிஸ்டன் எஞ்சின், இரண்டு வால் தண்டு. லடாக்கின் உயரத்தில் காற்று மெலிவு. இரண்டு எஞ்சின் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 'நாட்' என்ற சின்னப் போர் விமானத்துக்காக வந்த ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினைக் கொண்டுபோய்ப் பாக்கெட்டின் முதுகில், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைப்பதுபோல், வைத்தார்கள். நான் என் விமானத்தில் இப்படி ஒன்று செய்திருந்தால், கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று சிரித்திருப்பார்கள். அசல் விமானம் சிரிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1962 ஜூலையில், 16,000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் ஒரு பாக்கெட் போய் இறங்கிற்று. நடந்துவிட்ட காரியத்தை யாரும் 'நடக்குமா?' என்று கேட்பதில்லை. நடக்காததைச் சொல்கிறவன்தான் ஜாமீன் கட்ட வேண்டியிருக்கிறது.

வர்ணம் பூசும் கட்டம் வந்தது. வெளிர் சாம்பல் பூசினேன். பக்கவாட்டில் காவி, வெள்ளை, பச்சை வட்டம் ஒட்டினேன். பக்கத்து வீட்டுப் பையன், ஆறாம் வகுப்புப் படிக்கிறவன், தினம் வந்து வேலையை மேற்பார்வை பார்ப்பான். "மாமா, இதுக்கு நம்பர் எழுதலையா? எல்லா விமானத்துக்கும் நம்பர் இருக்குமே" என்றான்.

நியாயமான கேள்வி. மிச்சம் வைத்திருந்த ஒட்டுத்தாள்களில் எழுத்தும் இலக்கமும் நிறைய இருந்தன. 'கே' எழுத்தும் நான்கு இலக்கமும் போட்டால் பார்க்கிறவர்களுக்கு உடனே நம்பிக்கை வரும். நம் படையில் ஆன்டனோவ்-32 விமானங்களின் எண் அப்படித்தான் இருக்கும். அந்த விமானமே ஒரு மாற்று வேலைதான். ஆன்டனோவ்-24 என்ற பிரயாணி விமானத்துக்குச் சாய்தளம் வைத்து 26 ஆக்கினார்கள். உஷ்ணத்திலும் உயரத்திலும் பறக்க வேண்டும் என்று, மிகப் பெரிய எஞ்சின்களை இறக்கையின் மேல் தூக்கி வைத்து 32 ஆக்கினார்கள். 1984-இல் நம்மிடம் வந்தது. 2008-இல் அதே தௌலத் பேக் ஓல்டியில் போய் இறங்கியதும் அதுதான். என் விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான மூதாதை கிடையாது.

இலக்கத்தை நீரில் நனைக்கக் கத்தரிக்கோலை எடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். 2016 ஜூலை 22-ஆம் தேதி காலை ஓர் ஆன்டனோவ்-32 தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிற்று. உள்ளே 29 பேர். வங்காள விரிகுடாவின் மேல் அது காணாமற் போயிற்று. கப்பல்களும் விமானங்களும் தேடின, கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லாத நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்தது. ஏழரை வருஷம். அந்த வருஷங்களில் 29 வீடுகளில் அந்த எண்ணை எத்தனை முறை சொல்லியிருப்பார்கள், எத்தனை காகிதங்களில் எழுதியிருப்பார்கள்! எனக்கு அது ஒட்டுத்தாளில் ஓர் அழகு. அவர்களுக்கு அது ஒரு மனிதனின் கடைசி விலாசம்.

அதே எண்ணைப் போட வேண்டாமே, வேறு எண் போடலாமே என்று நீங்கள் சொல்லலாம். போடலாம்தான். ஆனால் அந்த வரிசையில் உள்ள எந்த எண்ணும் யாரோ சிலர் ஏறிப் பறந்த விமானத்தின் பெயர். கதைக்காரன் உலகத்திலிருந்து எவ்வளவோ எடுத்துக்கொள்ளலாம். இறக்கை ஏன் மேலே இருக்கிறது என்ற நியாயத்தை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினை, சக்கரத்தை, மலைக் காற்றின் மெலிவை எடுத்துக்கொள்ளலாம். மூவர்ண வட்டம் எல்லோருக்கும் பொது, அதையும் எடுத்துக்கொண்டேன். எண் பொது அல்ல. ஒருவருடைய துக்கத்தை, நம் பொய்க்கு நம்பிக்கை சேர்க்கிறதே என்பதற்காக, அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாவல்களில் ஊர்ப் பெயரை அப்படியே எழுதுகிறேன். தெருப் பெயரைச் சில சமயம் எழுதுகிறேன். கதவு எண்ணை எழுதுவதில்லை. இதுநாள் வரை அது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சட்டம் என்று இப்போது தெரிகிறது.

ஒட்டுத்தாளை உறையில் போட்டு மூடினேன். விமானத்தின் பின்புறச் சாய்தளத்தைத் திறந்தபடியே ஒட்டினேன். உள்ளே சிறு மூட்டைகள் நான்கும், ஒரு ஜீப்பும் வைத்தேன். இந்த அளவில் ஓர் ஆள் 12 மில்லிமீட்டர் உயரம், செய்யலாம், கஷ்டமில்லை. செய்யவில்லை.

பையன் குனிந்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தான். "ஆளையே காணோமே, மாமா?" என்றான்.

"இறங்கிப் போயாச்சுடா. எல்லாரும் சௌக்கியமா இறங்கி வீட்டுக்குப் போயாச்சு" என்றேன்.